நான் நிமிர்த்திய பதினோரு வண்டிகள்

குமரேசா,

இந்தக் கடிதத்தோடு ஒரு அட்டைப்பெட்டியும் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். அதை இப்போதே பிரிக்காதே. பிரித்துவிட்டால் கடிதத்தைப் பாதியில் மடக்கி வைத்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். முதலில் இதைப் படி. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு 'முன் பம்பர், இடது மட்கார்டு, ஒரு கதவு' என்று எழுதிக் கொடுத்ததோடு சரி. போனில் பேசினால் என்ன என்று உன் அம்மா கேட்டாள். போனில் நீ 'ம்', 'சரிப்பா', 'வைக்கட்டுமா' என்று மூன்றே வார்த்தை பேசுகிறாய். அந்த மூன்றைத் தாண்டி உன்னிடம் என்ன கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்கூட இல்லை. "நேரா மண்டபத்துக்கே வந்திருதேம்மா" என்று நீ சொன்னதை உன் அம்மா மூன்று நாள் என்னிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாள். வாசலில் பந்தக்கால் ஊன்றுகிற அன்று, மாப்பிள்ளை கை வைத்துத் தொட்டுக் கொடுத்த பிறகுதான் காலைக் குழியில் இறக்குவது நம் வீட்டு வழக்கம். என் கல்யாணத்துக்கு நான் தொட்டுக் கொடுத்தேன். நீ இல்லாமல் யார் கையை வைப்பது? கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் நீயும் ரேவதியும் ஜெர்மனிக்கு விமானம் ஏறிவிடுவீர்கள். நீ இந்த வீட்டில் தங்கி இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் வந்து மாலை பஸ்ஸில் கிளம்புவதையெல்லாம் நான் தங்குவதில் சேர்க்கவில்லை. ஆகவே நீ கால் நாட்டுக்கு வரவேண்டும், வந்து நாலு நாள் இருக்கவேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். ஆனால் கேட்கிற இடத்தில் நான் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ பெங்களூரிலிருந்து மூன்று மாத விடுப்பில் வந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பையன் பட்டறைப் பக்கம் வருவான், இரண்டு பேரும் சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடலாம் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன். நீயோ பின்கட்டு அறையில் பொம்மைக் கார்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். எட்டிப் பார்த்தால் நல்ல காரை வைஸ் இடுக்கியில் கொடுத்து நசுக்குகிறாய். பிளாஸ்டிக் கதவை மெழுகுவர்த்தியில் காட்டி நெளிக்கிறாய். முப்பத்தைந்து வருஷமாக நசுங்கி வந்த வண்டியை நிமிர்த்திக் கொடுத்துச் சோறு தின்ற வீட்டில், நல்லதை நசுக்க ஒரு பிள்ளை பிறந்திருக்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நீ பொறுமையாகத்தான் விளக்கினாய். "இது மேசையில வச்சு ஆடுத சண்டை வெளையாட்டுப்பா. சிப்பாயெல்லாம் ஒரு இஞ்ச் ஒசரந்தான் இருப்பான். டேப்ப வச்சு அளந்து அளந்து நகத்துவோம், பகடை போட்டுச் சுடுவோம். வெட்டவெளியில நின்னான்னா செத்தான். அதுக்குத்தான் நடுவுல இந்த ஒடஞ்ச வண்டியெல்லாம்." நான் விடவில்லை. "அதுக்கு நல்ல வண்டிய நிப்பாட்டுனா என்னல?" என்றேன். "நல்ல வண்டின்னா ஓடிப்போயிருமேப்பா. ஒடஞ்சதுதான் அங்கனயே கெடக்கும். அதுக்குப் பின்னாலதான் ஒளிய முடியும்" என்றாய். அந்தப் பதில் அன்றைக்கு என் ஒரு காதில் நுழைந்து மறு காது வழியாகப் போய்விட்டது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ துருப்பிடிக்க வைக்கிற வேலையை மட்டும் நான் உனக்குத் தெரியாமல் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் துரு நிறத்தைப் பூசுவாய். ஈரத்தின் மேல் அங்கங்கே தூள் உப்பைத் தூவுவாய். அதற்கு மேல் வண்டியின் நிறத்தை அடித்து, காய்ந்ததும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பாய். உப்பு உதிர்ந்த இடத்தில் எல்லாம் துரு எட்டிப் பார்க்கும். "உப்பளத்து ஊர்ல நம்ம வீட்டு உப்பு ஜாடிதான் எந்நேரமும் காலியா கெடக்கு" என்று உன் அம்மா புலம்பினது உனக்கு நினைவிருக்கும். எனக்குப் பட்டது வேறு. கதவின் அடிவிளிம்பு, சக்கரத்து வளைவு, தளத்தின் மூலை, இங்கெல்லாம்தான் நீ துருவை வைத்திருந்தாய். உப்பு லாரியை உப்பு தின்பது அப்படித்தான். திருச்செந்தூர் ரோட்டில் நம் பட்டறைக்கு வந்த எத்தனை லாரியின் அடியில் நீ குனிந்து பார்த்திருப்பாய்! 'நல்லாருக்குல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமல் போய்க் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன்.

பிறகு நீ சிநேகிதன் கல்யாணத்துக்காகப் பெரியதாழைக்குப் போனாய். இரண்டு நாள். அந்த இரண்டு நாளில்தான் எல்லாம் நடந்தது. பதினோரு வண்டிகளையும் பஞ்சு வைத்துப் பெட்டியில் அடுக்கி, பெங்களூரில் அந்த விளையாட்டுப் போட்டி நடத்துகிறவர்களின் முகவரி எழுதி, ஓரத்தில் அனுப்புநர் என்று நம் பட்டறையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாய். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அடுத்த நிமிஷமே பகீர் என்றது. நம் பட்டறைப் பெயரைப் போட்டு நெளிவோடு ஒரு வண்டி வெளியே போவதா? நாலு பேர் பார்க்கிற இடத்தில், டிங்கர் மகன் அனுப்பின சாமான் இதுவா என்று கேட்கமாட்டார்களா? நீ விளக்கிச் சொன்னது எல்லாம் மறந்துபோனது. மறந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, கை கேட்கவில்லை. பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மேசை விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாளும் வந்த வேலையைத் திருப்பி அனுப்பினேன். பிளாஸ்டிக்கை வெந்நீரில் காட்டி அமுக்கி நிமிர்த்தினேன். கிழிந்த இடத்தில் பட்டி வைத்தேன். நீ மூன்று மாதம் வைத்த துருவை உப்புத்தாள் போட்டு மாவு மாதிரி தேய்த்து எடுத்தேன். கழன்று கிடந்த சக்கரத்தை மாட்டினேன், உடைந்த கண்ணாடிக்குப் பதில் புதிதாகக் கத்தரித்து ஒட்டினேன். ஒரு டாக்டர் காருக்கு வாங்கி மிஞ்சிய சிவப்பு, பள்ளிக்கூட வேனுக்கு வாங்கிய மஞ்சள், எல்லாம் அசல் பெயிண்ட். அதில் ஒரு லாரி இருந்தது. முன்மூக்கு இடப்பக்கமாக உள்ளே போய், கதவு கம்பியால் கட்டித் தொங்கியது. அதை நிமிர்த்தத்தான் அரை நாள் ஆனது. பதினொன்றையும் வரிசையாக நிறுத்தியபோது எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் குடித்தேன். மகனுக்கு நம்மால் ஆனது என்று அவ்வளவு நிறைவு. பொய் சொல்லவில்லை குமரேசா, அந்த இரண்டு நாள் நான் உன்மேல் வைத்திருந்த பிரியத்தை அதற்கு முன் நான் யாருக்கும் காட்டியதில்லை.

நீ வந்து பெட்டியைத் திறந்தாய். ஒரு வண்டியைக் கையில் எடுத்தாய். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், இப்போது திரும்பிச் சிரிப்பான் என்று. நீ திரும்பவில்லை. "இதத் தொட்டது யாருப்பா?" என்றாய். "நான்தாம்ல. எப்பிடி? ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி இல்ல?" என்றேன். "நாளைக்கு அனுப்பணும்ப்பா இத" என்றாய். "அனுப்பு. இப்ப அனுப்புனாத்தான் மருவாதையாப் போவும்" என்றேன். நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது, அதனால்தான் கோபம் வந்தது. "கூறுகெட்டவன்தாம்ல ஒடஞ்சத செஞ்சு ஊருக்கு அனுப்புவான்" என்று கத்தினேன். அன்று மதியமே நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். பெட்டியை எடுக்கவில்லை. உன் அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டாய்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. தப்பு என்று தெரிந்த பிறகு அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கி எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தேன். பட்டறைக்கு வருகிற டிரைவர்களிடம் சொன்னேன். ஊரில் நம் பங்காளி வீட்டு வளைகாப்பில் சொன்னேன். சொல்லச் சொல்லச் சிரிப்பும் கூடியது, நான் செய்தது சரிதான் என்பது போலவும் ஆனது. கடைசியாக எட்டயபுரத்தில் உன் நிச்சயதார்த்தத்தன்று, பந்தியில் சம்பந்தியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எம்மவன் ஒடைப்பான், நான் ஒட்டுவேன்" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் கை கால் ஆட்டிச் சொன்னேன். இலை முன் இருந்தவர்கள் எல்லாம் குலுங்கிச் சிரித்தார்கள். நீ எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். ரேவதி மட்டும் சிரிக்கவில்லை. உன் பக்கம் திரும்பி, "அத செய்ய உங்களுக்கு எத்தன மாசம் ஆச்சு?" என்று கேட்டாள். "மூணு" என்றாய். அந்தக் கேள்வியை இரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட உன்னிடம் கேட்கவில்லை என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

போன மாதம் உன் அம்மா போனில் ஒரு படத்தைக் காட்டினாள். ரேவதி அனுப்பியிருந்தாளாம். நீ பெங்களூரில் மறுபடி உட்கார்ந்து செய்த மேசை. இடிந்த துறைமுகம், சாய்ந்த கிரேன், நிலக்கரிக் குவியல், சிப்பாய்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு லாரி. மூக்கு இடப்பக்கம் உள்ளே போயிருக்கிறது, கதவு கம்பியால் கட்டியிருக்கிறது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். லாரிக்குப் பின்னால் ஒரு சின்ன உருவம். சிப்பாய் இல்லை. அரை டவுசர் போட்ட பிள்ளை. "இது யாரு?" என்றேன். உன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "தெரியலயா உங்களுக்கு? நீங்க கோவத்துல ஸ்பேனர எறிஞ்சீங்களே, அன்னைக்குப் பொழுது சாயுத வரைக்கும் எம்புள்ள அந்த உப்பு லாரிக்குள்ளதான் இருந்தான். அன்னைக்கு மட்டுமா? நீங்க சத்தம் போடும்போதெல்லாம் அவன் அங்கனதான் போவான். நான் சோத்தக் கொண்டுபோய் அங்கனயே ஊட்டிட்டு வருவேன்" என்றாள்.

பட்டறை மூலையில் சொந்தக்காரன் எடுக்க வராமலே கிடந்த உப்பு லாரி. உனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். ஸ்பேனரை உன்மேல் எறியவில்லை, சுவரில்தான் எறிந்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுவருக்கும் உனக்கும் நடுவில் எத்தனை அடி இருந்தது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. உனக்குப் பத்து வயதாகும்போது இடம் அடைக்கிறது என்று அந்த லாரியைக் காயலான் கடைக்காரனுக்குத் தள்ளிவிட்டேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். 'என்னல முழிக்கே, போய் டீ வாங்கிட்டு வா' என்றேன். இது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அதே லாரியை நீ உன் கையால் திரும்பச் செய்து கொண்டுவந்தாய், அதையும் நான் அரை நாள் உட்கார்ந்து இல்லாமல் ஆக்கினேன். நான் நெளிவைத்தான் பார்த்தேன், அது எந்த வண்டி என்று பார்க்கவில்லை. இரண்டு தடவை உன் இடத்தை எடுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு, ஐயா.

உன் அம்மாவிடமும் இதையே செய்திருக்கிறேன். உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பிள்ளை உண்டாகி ஆறாம் மாதத்தில் போய்விட்டது. உனக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தபடி பேசாமல் இருந்தாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாளே புதுச் சேலை வாங்கி வந்தேன், சினிமாவுக்குக் கிளம்பு என்றேன், திருச்செந்தூர் போவோம் என்றேன். "கொஞ்ச நாளு என்ன இப்பிடியே இருக்க விடுங்க" என்றாள். நான் அதற்கும் கோபித்துக்கொண்டேன். நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பு இருக்கும்போது மனுஷனுக்கு வருகிற கோபம் மோசமான கோபம். ரேவதி ஒருநாள் வேலையிலிருந்து முகம் வாடி வந்தால், எல்லாம் சரியாகிவிடும் என்று ஆரம்பிக்காதே. எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறது என்று கேள். அவள் உன்னிடம் அப்படித்தான் கேட்டாள், அதனால் உனக்குச் சொல்லித்தரவேண்டியது இல்லைதான். அவள் தப்பு செய்ததை நாலு பேர் முன்னால் சிரிப்புக் கதையாகச் சொல்லாதே. நீ செய்ததையும் சொல்லாதே, அதில் அவள் முகமும் இருக்கும். மன்னிப்புக் கேட்கவேண்டுமென்றால் அன்றைக்கே கேட்டுவிடு. நாளானால் வாய் வராது, பிறகு என்னைப் போல அட்டைப்பெட்டி தேடவேண்டியிருக்கும்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். ஒரு வருஷமாக எனக்குக் கை நடுக்கம். டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை, வயசு என்றார், மாத்திரை தந்திருக்கிறார். சுத்தி பிடிக்கிற வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று உன் அம்மாவின் வாயை நான்தான் அடைத்தேன். அந்தக் கையோடுதான் மூன்று வாரமாகப் பட்டறையில் உட்கார்ந்து ஒரு உப்பு லாரி செய்தேன். பிஸ்கட் டின் தகரம். அளவெல்லாம் நினைவிலிருந்து எடுத்தது. துருவுக்கு உன் முறைதான், அம்மாவிடம் கேட்டு ஜாடி உப்பை எடுத்தேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தது. மூக்கை நசுக்குவதுதான் முடியவில்லை. சுத்தியை ஓங்குவேன், இறக்கும்போது கை தானாக மெதுவாகிவிடும். ஒரு தடவை சின்னதாக நசுங்கியது, சாப்பிட்டு வந்து பார்க்கிறேன், என்னை அறியாமல் நானே அதை நிமிர்த்தி வைத்திருக்கிறேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வேண்டாம், அப்பிடியே விடுங்க. அவன் வந்து நசுக்கிக்கிடட்டும்" என்றாள். அதனால் மூக்கு நேராகத்தான் இருக்கிறது. உன் பழைய பதினோரு வண்டிகளும் பட்டறை அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றையும் நீ வந்து என்ன வேண்டுமானாலும் செய். பெட்டியின் மேல் இந்தத் தடவை பட்டறைப் பெயரை எழுதவில்லை, உன் பெயரை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

லாரிக்கு அடியில் பஞ்சில் சுற்றி ஒரு உருவம் வைத்திருக்கிறேன், பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடாதே. கம்பியும் பட்டியும் வைத்து நான் செய்த ஆள். ஒரு இஞ்ச்தான். முகம் சரியாக வரவில்லை, நடுக்கத்தில் மூக்கு கோணிவிட்டது. லுங்கியும் காக்கிச் சட்டையும் வைத்து அடையாளம் தெரிந்துகொள்வாய். அவன் கையில் ஸ்பேனர் இல்லை, சுத்தியும் இல்லை. இரண்டு கையும் சும்மா தொங்குகின்றன, நான் பார்த்துப் பார்த்து அப்படி வைத்தேன். உன் மேசையில் அவனுக்கு இடம் கொடுப்பாயா என்று தெரியாது. கொடுத்தால், அந்த அரை டவுசர் பிள்ளைக்கு எவ்வளவு தூரத்தில் நிறுத்தவேண்டும் என்பதை நீயே டேப் வைத்து அளந்துகொள். மேசையின் அந்தக் கோடி என்றாலும் சரி. உங்கள் ஆட்டத்தில் ஒரு முறைக்கு ஆறு இஞ்ச்தான் நகரலாம் என்று ரேவதி சொன்னாள்.

பந்தக்கால் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. குழி தோண்டி வைத்திருப்பேன். நீ வருகிற வரைக்கும் பந்தக்காலை இறக்கமாட்டேன். நேரம் தப்பினாலும் தப்பட்டும். நீ வாசலில் வந்து நின்றால் ஓடிவந்து பையைப் பிடுங்கமாட்டேன், எதையும் சரிசெய்யமாட்டேன். இருக்கிற இடத்திலேயே இருக்கிறேன். நீ தலையாட்டினால் ஆறு இஞ்ச் வருகிறேன். பிறகு உன் முறை.

உன் அப்பா